ஆசையாய்த் தொட்டது அலுத்துப் போனால்...

பொழுதுபோக்கு என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? எம்பிராய்டரி, குரோஷா, வீணை, தோட்டம்... இப்படித்தானே? எனக்கு வாய்த்தது கொஞ்சம் விசித்திரமானது. மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவது!

"கல்யாணமாகிக் குழந்தையும் பெற்றவள் பொம்மை வைத்து விளையாடுகிறாளா?" என்று நீங்கள் மோவாயில் கை வைப்பது தெரிகிறது. நான் குடியிருக்கும் இங்கிலாந்தில் இது பெரியவர்களின் விளையாட்டு. டாக்டர்கள், வாத்தியார்கள், ரிடையரான தாத்தாக்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். அந்த விளையாட்டின் பெருமையைப் பாட நான் இதை எழுதவில்லை. அவ்வளவு ஆசையாய்ச் செய்த காரியம் ஒரு கட்டத்தில் வேப்பங்காயாய்க் கசந்தது. அதிலிருந்து எப்படி மீண்டேன் என்பதைச் சொன்னால், ஊசி நூலோ வீணையோ வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் உபயோகப்படும் என்று தோன்றியது.

சதுரங்கத்தின் பேரன்

நம் நாட்டில் பிறந்த சதுரங்கம், தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையை வைத்து ஆடியது. அது பாரசீகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் 'செஸ்' ஆயிற்று. 1780இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் அதைப் பெரிதாக்கிப் போர் விளையாட்டாக மாற்றினார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி வெளியிட்ட விதிகளைப் பிரஷ்ய ராணுவமே தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர எடுத்துக்கொண்டது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த பெருமை நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸுக்கு உண்டு. 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். நிஜப் போரை வெறுத்தவர் அவர் என்பது வேடிக்கை!

பொம்மைகள் சின்னஞ்சிறியவை. ஒரு ரகம் 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேல்கணு அளவு. இன்னொரு ரகம் 15 மில்லிமீட்டர்தான். வர்ணமில்லாமல் வாங்கி, நாமே தீட்ட வேண்டும். படை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதைத் தையல்காரர் மாதிரி இஞ்சு டேப் வைத்து அளப்போம். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த விளையாட்டுப் பொம்மைகளுக்குப் பேர்போன ஊர் நாட்டிங்ஹாம். ஒரு காலத்தில் லேஸ் பின்னலுக்குப் புகழ் பெற்றிருந்த ஊர். கல்யாணமாகி 2016இல் நான் வந்து இறங்கியதும் அங்கேதான். அவர் ஆபீஸுக்குப் போய்விட்டால் பேசுவதற்கு ஓர் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், "சும்மா வந்து பாரேன்" என்று சங்கத்துக்கு அழைத்துப் போனார். கொலு பொம்மைக்கு வர்ணம் தொட்டுப் பழகிய கை ஆயிற்றே! முதல் சிப்பாயைத் தீட்டி முடித்தபோது சுற்றிலும் நாலு பேர் கூடி நின்று பார்த்தார்கள். அந்த ஊரில் எனக்குச் சிநேகிதம் கிடைத்தது அந்த மேஜையைச் சுற்றித்தான்.

144 சிப்பாய்கள்

1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் அஸ்ஸாயே என்ற கிராமத்துக்கு அருகில் ஒரு பெரிய சண்டை நடந்தது. மராட்டியர்களுக்கு எதிராகக் கம்பெனிப் படையை நடத்தியவர் ஆர்தர் வெல்லஸ்லி. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு ஆனவர் அவர்தான். அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள் இருந்தன. யாருக்காக யாரோடு சண்டை போட்டார்கள் என்று நினைத்தால் மனசு கசக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நம்மூர்க்காரர்கள் அந்த மேஜையில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

2023இல் அந்தச் சண்டைக்கு 220 வருஷம் நிறைகிறது, பெரிதாக ஓர் ஆட்டம் வைக்கலாம் என்று சங்கத்தில் முடிவாயிற்று. மதராஸ் பட்டாளம் என் பொறுப்பு. ஆறு பட்டாளம், ஒவ்வொன்றிலும் 24 பேர், ஆக 144. ஒரு பொம்மைக்கு அரை மணி என்றாலும் 72 மணி நேர வேலை.

2022 நவம்பரில் எங்கள் மகள் பிறந்தாள். அப்புறம் என்ன? ராத்திரி மூன்று தடவை பால், பகலில் துணி, சமையல். குழந்தை கண்ணயரும் அரை மணியில் தூரிகையை எடுத்தால், "இன்னும் 131 பாக்கி" என்றுதான் மனசு கணக்குப் போடும். சிவப்புக் கோட்டைப் பார்த்தாலே எரிச்சல். வியாழக்கிழமை வந்தால் ஏதாவது சாக்கு. அம்மா போனில், "ஏண்டி, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பொம்மைக்கு வர்ணம் அடிக்கணுமா? எல்லாத்தையும் மூட்டை கட்டிப் போட்டுட்டுத் தூங்குடி!" என்பாள். அவரும், "வித்துடலாமா?" என்று ஒரு நாள் கேட்டார். விற்றுவிடலாம்தான். ஆனால் அதோடு என் சிநேகிதமும், வாரத்தில் எனக்கென்று இருந்த அந்த இரண்டு மணி நேரமும் போய்விடுமே!

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இங்கிலாந்தில் பிரசவத்துக்குப் பின் 'ஹெல்த் விசிட்டர்' என்ற நர்ஸ் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டு என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். போன ஒரு மாதத்தில் அடிக்கடி மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுப் போனதுண்டா? எதைச் செய்தாலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதுண்டா?

நான் யோசித்துப் பார்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுவது பிடித்தது. ரசம் ருசித்தது. அம்மாவோடு பேசினால் சிரிப்பு வந்தது. பொம்மைகள் மட்டும்தான் கசந்தன. ஆக, என்னுடையது ஒரு பொழுதுபோக்கின் மேல் வந்த அலுப்பு.

அதே மாதத்தில் பிரசவித்த என் தோழி ஒருத்தியின் பதில் வேறாக இருந்தது. அவளுக்குச் சாப்பாடு, பாட்டு, குழந்தை எதுவுமே ஒட்டவில்லை. டாக்டரிடம் போனாள்; பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு குணமானாள். பிரசவித்த ஒரு வருஷத்துக்குள் பத்துப் பேரில் ஒருத்திக்காவது இது வருகிறது என்று அந்நாட்டு அரசு மருத்துவத் துறை சொல்கிறது. ஆகவே இளம் தாய்மார்களே, இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லாவற்றிலுமே ருசி விட்டுப்போனால், "சோம்பேறித்தனம்" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்போ, குழந்தைக்குத் தீங்கு செய்யும் நினைப்போ தலைகாட்டினால் அன்றைக்கே போங்கள்.

ஆசை ஏன் கசக்கிறது?

'பர்ன்-அவுட்' என்று ஒரு சொல் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. எரிந்து அணைந்துபோன நிலை என்று அர்த்தம். 1974இல் அமெரிக்க உளவியல் நிபுணர் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை வரையறுத்தபோது மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, "நம்மால் ஒன்றும் ஆகவில்லை" என்ற எண்ணம். இது நோயல்ல, உத்தியோக சம்பந்தமானது என்றும் சொல்லியிருக்கிறது. சரி, பொழுதுபோக்கே உத்தியோகமாகிவிட்டால்? கெடுவும் எண்ணிக்கையும் வந்து ஏறிக்கொண்டால் அதற்கும் அதே கதிதானே!

1973இல் அமெரிக்காவில் லெப்பர் என்பவரும் அவருடைய சகாக்களும் நர்சரிக் குழந்தைகளிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். வர்ணப் பேனாவால் படம் போட ஆசைப்படும் குழந்தைகள் சிலரிடம், "படம் போட்டால் பரிசுப் பத்திரம் தருவோம்" என்று முன்னாலேயே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அதன் பக்கம் போனார்கள். தன் இஷ்டத்துக்குச் செய்தது, பிறருக்காகச் செய்வதாக ஆகிவிட்டது. குழந்தைக்குப் படிப்பும் பாட்டும் சொல்லித் தரும் தாய்மார்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் செய்து பார்த்தவை

1. கடனை இறக்கி வைத்தேன். "என்னால் ஒரு பட்டாளம்தான் முடியும்" என்று சங்கத்தில் சொல்லிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. பாக்கி ஐந்தையும் மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

2. கண்ணிலிருந்து மறைத்தேன். வர்ணமில்லாத பொம்மைகள் வரிசையாக நின்றால் கடன்காரர்கள் வாசலில் நிற்பது போல இருக்கும். இனி தீட்டப்போகும் மூன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதைப் பெட்டியில் போட்டு மூடினேன். இருப்பது முடியாமல் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன்.

3. முடிவு கண்ணுக்குத் தெரியும்படி வேலையைச் சுருக்கினேன். இன்று மூன்று கோட்டுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். முடித்தோம் என்ற திருப்தி அன்றைக்கே கிடைக்கும்.

4. வேறு பக்கத்திலிருந்து தொட்டேன். தூரிகை கசந்த நாட்களில் மேஜைக்கு நிலம் செய்தேன். வடிகட்டிய தேயிலைத் தூளை உலர்த்தி ஒட்டினால் காட்டுத் தரை. தென்னை நார் மிதியடியை வெட்டி வைத்தால் விளைந்த சோளக் கொல்லை. பாத்திரம் துலக்கும் பழைய ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை பூசினால் வேலிச்செடி. செலவும் இல்லை, கெடுவும் இல்லை!

5. சிறியதாக ஆடினேன். இரண்டடிக்கு இரண்டடி மேஜை, ஆளுக்கு எட்டுச் சிப்பாய், ஒரு மணி நேரம். இப்படிச் சின்னச் சண்டைக்கென்றே விதிகள் இருக்கின்றன.

6. நேரத்தைக் கேட்டு வாங்கினேன். "வியாழக்கிழமை ஏழிலிருந்து ஒன்பது வரை குழந்தை உங்க பொறுப்புங்க" என்றேன். "சரி, போயிட்டு வா. அழுதா போன் பண்றேன்" என்றார். முதல் வாரம் இரண்டு தடவை போன் வந்தது. மூன்றாவது வாரம் வரவே இல்லை.

குழந்தை இருக்கும் வீட்டில்...

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொம்மைகள் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய அளவு. பழைய உலோகப் பொம்மைகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது. தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் கூடவே கூடாது. வர்ணம் நீரில் கரையும் ரகமாக இருக்கட்டும். ஸ்ப்ரே அடிப்பதானால் வீட்டுக்கு வெளியே. பாசிமணி, ஊசி, பட்டன் வைத்துக் கைவேலை செய்யும் வீடுகளிலும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

அஸ்ஸாயே ஆட்டம் 2023 செப்டம்பரில் நடந்தது. என் பட்டாளம் ஒன்று, 24 பேரோடு நின்றது. இரண்டாம் சுற்றிலேயே பீரங்கிக்குப் பாதிப் பேரைப் பறிகொடுத்தேன்; பகடை அப்படி! பழைய வேகம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். சில வாரம் தூரிகையைத் தொடுவதே இல்லை. ஆனால் தொடாத வாரத்தில் மனசு உறுத்துவதில்லை. அதுவே பெரிய நிம்மதி.

உங்கள் வீட்டிலும் பாதியில் நிற்கும் ஸ்வெட்டரோ, உறை போட்டு மூடிய வீணையோ இருக்கலாம். அதை முடித்தே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இனி வேண்டாம் என்று மனசு தீர்மானமாகச் சொன்னால், ஆசைப்படுகிற இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுங்கள், அதிலும் குறையில்லை. கொடுக்க மனசு வரவில்லை என்றால், ஆசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாளைக்குக் குழந்தை தூங்கும்போது பதினைந்தே நிமிஷம் எடுத்துப் பாருங்களேன்!