உழைக்கும் உடலுக்கும் பயிற்சி வேண்டும்

பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அவற்றுள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அருகிலுள்ள பத்து காவானில், 2000ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுப் போட்டிக்கென எழுப்பப்பட்ட மாநில விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆயினும், தோட்டத்துப் பிள்ளைகள் பந்தை உதைக்கக் கற்றுக்கொள்வது அரங்கத்தில் அன்று. லயத்துக்குப் பின்னாலுள்ள திடலில்தான்.

அத்தகைய திடல் ஒன்றில் நாம் கண்டதைச் சொல்கிறோம். பால்மரம் சீவும் இளைஞர் ஒருவர் விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்று, தம் நிரையை முடித்து, பால் எடுத்துக் கொட்டிவிட்டு, மாலையில் காற்பந்தாட இறங்கினார். பந்தைத் துரத்தித் திடீரெனத் திரும்பியபோது கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. அன்றிரவே எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிட்டார்கள். பத்தாம் நாள், நோவு சற்றே தணிந்ததும், மீண்டும் ஆடினார். அதே கால் மீண்டும் சுளுக்கியது. இம்முறை மூன்று வாரம் வேலைக்குப் போக இயலவில்லை. நாட்சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் மூன்று வாரம் என்பது சிறிய இழப்பன்று. “காலையெல்லாம் நடக்கிற காலுக்கு இப்படி வரலாமா?” என்று அவருடைய தாயார் நம்மிடம் கேட்டார். அக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உழைப்பும் பயிற்சியும்

உழைப்பு உடலை உறுதியாக்கும் என்பது உண்மையே. ஆனால், எந்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ, அந்த அசைவுக்கே உடல் உறுதி பெறும். மரம் சீவுகிறவர் ஒரே கையால் உளியைப் பிடிக்கிறார். ஒரே பக்கமாகச் சாய்கிறார். தாழ்ந்த வெட்டானால் நூற்றுக்கணக்கான தடவை குனிகிறார். பால் வாளியைப் பெரும்பாலும் ஒரே கையில் தூக்குகிறார். விளையாட்டோ வேறு வகையான அசைவுகளைக் கேட்கிறது. ஓடிவந்து சட்டென நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் திரும்ப வேண்டும். எகிறிக் குதித்துத் தரையில் இறங்க வேண்டும். இவற்றுக்குப் பழகாத கால், எவ்வளவு நடந்த காலாயினும், தடுமாறவே செய்யும்.

மற்றோர் உண்மையையும் அறிந்துகொள்வது நலம். பயிற்சியால் தசைகள் சில வாரங்களில் வலுப்பெறுகின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும், எலும்புகளும் வலுப்பெற அதைவிட நீண்ட காலம் பிடிக்கும். ஆகவே, “இப்போது நன்றாக ஓட முடிகிறதே” என்று ஒரே வாரத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்குகிறவருக்கு நாண்களிலும் எலும்பிலும் நோவு காண்கிறது. மேலும், உடல் வலுப்பெறுவது பயிற்சி செய்யும் நேரத்தில் மட்டுமன்று. அதற்குப் பிந்திய ஓய்விலும் உறக்கத்திலும்தான். அடிமேல் அடி வைத்தால்தான் அம்மியும் நகரும்.

நம் நாட்டு வீரர்கள் காட்டிய வழி

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில், 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் ஜி. சரவணன் தங்கப் பதக்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அவர் நடந்தார். நடப்பதில் என்ன பெரிய வித்தை என்று எண்ணலாம். அப்போட்டியின் விதி கடுமையானது. பார்வைக்குத் தெரியும்படி ஒரு பாதமேனும் எப்போதும் தரையில் இருத்தல் வேண்டும். முன்வைக்கும் கால், தரையைத் தொட்ட கணம் முதல் உடலுக்கு நேர் கீழே வரும்வரை முழங்காலில் மடங்கலாகாது. அந்த ஒழுங்கு குலையாமல் ஆயிரக்கணக்கான அடிகள் வைக்க வேண்டுமானால், இடுப்பும் கால்களும் ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்டிருக்க வேண்டும். நடை என்னும் எளிய அசைவுக்கே இத்தனை பயிற்சி தேவைப்படுகிறது.

‘பறக்கும் மருத்துவர்’ எனப் புகழப்பட்ட டாக்டர் எம். ஜெகதீசன் 1960, 1964, 1968 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடியவர். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் ஏற்படுத்திய தேசியச் சாதனை 2017ஆம் ஆண்டு வரை நிலைத்து நின்றது. மருத்துவக் கல்வியையும் ஓட்டத்தையும் ஒருங்கே பேணியவர் அவர். ஒரு நாள் வேகமாக ஓடுவது ஒன்று. எட்டு ஆண்டுகள் உடலைக் காத்து ஓடுவது மற்றொன்று. பின்னதே நாம் கற்க வேண்டிய பாடம்.

இருபது நிமிடம் போதும்

உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் மருத்துவ ஆய்வாளர்கள், ஆட்டத்துக்கு முன் செய்வதற்காக இருபது நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்தனர். அதன் பெயர் ‘லெவன் பிளஸ்’. நார்வே நாட்டில் 2007ஆம் ஆண்டு 1,800க்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகளிடம் இது சோதிக்கப்பட்டது. பயிற்சி செய்த குழுக்களில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. திடலும் பந்தும் இருந்தால் போதும்.

அதன் சாரம் இதுவே. முதலில் மெதுவாக ஓடி உடலைச் சூடேற்றுக. அடுத்து, முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக நிறுத்துக. பின்னர், தோழர் ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, முழந்தாளிட்டு, உடலை நேராக வைத்தபடி மெல்ல மெல்ல முன்னே சாய்க. இது தொடையின் பின்தசையை வலுப்படுத்தும். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்க; முழங்கால் உட்புறம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்கும்படி உட்கார்ந்து எழுக; குதித்து மென்மையாக இறங்குக. முடிவில், திசை மாற்றித் திரும்பி ஓடுக. வாரத்துக்கு இரு முறையேனும் இதனைச் செய்தல் வேண்டும்.

விளையாடாதவர்களுக்கும் இதில் பங்குண்டு. மரம் சீவும் தாய்மார்கள் வாளியைக் கை மாற்றித் தூக்கலாம். இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடக்கிக் குனியலாம். மாலையில் சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கலாம். முதியோர் தூண் ஒன்றின் அருகில் ஒற்றைக் காலில் நின்று பழகினால், விழும் அபாயம் குறையும்.

அடிபட்டால் செய்ய வேண்டியவை

கணுக்கால் சுளுக்கினால் முதலில் எலும்பு முறிந்துள்ளதா என ஐயுற வேண்டும். கனடா நாட்டு மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய முறை இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. கணுக்கால் மொட்டு எலும்பின் பின்புறத்தையோ நுனியையோ தொட்டால் வலித்தாலும், நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், பாதத்தின் எலும்புகளில் அழுத்தினால் வலித்தாலும், தாமதமின்றி மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும்.

முறிவு இல்லையெனில், முதல் இரண்டு மூன்று நாட்கள் காலுக்குச் சுமை கொடாமல், துணிப்பட்டை சுற்றி, உயர்த்தி வைக்க வேண்டும். அந்நாட்களில் சூடு வைப்பதும் அழுத்தி உருவுவதும் வீக்கத்தைக் கூட்டக்கூடும். பனிக்கட்டி நோவைத் தணிக்கும். அதனை நேரே தோலில் வைக்காமல் துணியில் சுற்றிச் சிறிது நேரமே வைக்க வேண்டும். ஓய்வும் பனிக்கட்டியுமே மருந்து என்று 1978இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், அவையிரண்டும் அளவு மீறினால் குணமடைவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார்.

ஆகவே, சில நாட்களுக்குப் பின் காலை மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். முதலில் பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். பிறகு நொண்டாமல் நடத்தல். அடுத்து ஒற்றைக் காலில் நிற்றல், குதிகால் உயர்த்தல். அதன்பின் நேராக ஓடுதல். இறுதியில் வளைந்து திரும்பி ஓடுதல். ஒரு படியில் நோவோ வீக்கமோ கூடினால், முந்திய படிக்கே திரும்புக. அடிபட்ட காலால், நல்ல காலைப்போலவே உறுதியாகக் குதிக்க முடியும்போதுதான் ஆட்டத்துக்குத் திரும்பலாம். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுமுறை சுளுக்குவது எளிது. நாம் கண்ட இளைஞருக்கு நேர்ந்தது இதுவே. நோவு தணிந்ததை அவர் குணம் என்று எண்ணிவிட்டார். காலின் நிதானம் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

தாயார் கேட்ட கேள்விக்கு விடை இப்போது தெளிவாகும். அவர் மகனின் கால் உழைப்பில் குறைந்ததன்று. அந்த ஆட்டத்துக்குப் பழக்கப்படாதது, பழுதுற்றபின் முறையாகத் தேற்றப்படாதது. தோட்டத்துக் குழுத்தலைவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று நொண்டும் வீரரை அழைக்காதீர். இன்று ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால், அவர் பல ஆண்டுகள் ஆடுவார். மறுநாள் காலை பெரட்டிலும் நிற்பார்.