ஒப்புமைத் தொகுப்பிக்கு வீட்டில் ஓர் இலக்கமுறை அலையியற்றி

சிந்தசைசர் எனப்படும் மின்னிசைத் தொகுப்பிகளில் பழையனவே சிறந்தவை என்போரும் கணினி ஒன்றே போதும் என்போரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். வாதத்தில் இறங்காத சிலர் வேறொரு வழியை நாடியுள்ளனர். வடிகட்டியையும் பெருக்கியையும் ஒப்புமைச் சுற்றுகளாகவே விட்டுவிட்டு, ஒலி பிறக்கும் இடமாகிய அலையியற்றியை மட்டும் ஒரு நுண்கட்டுப்படுத்தியைக் கொண்டு தாமே அமைத்துக் கொள்கின்றனர்.

இத்தேவை எவ்வாறு எழுந்தது என்பதை நோக்குவோம். அமெரிக்கரான ரொபேர்ட் மூக் 1964 இல் அறிமுகப்படுத்திய தொகுப்பியில், ஒரு வோல்ற்று கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அதாவது மீடிறன் இரட்டிக்கும். இவ்விரட்டிப்பைச் செய்வது திரான்சிற்றர். அதன் நடத்தையோ வெப்பநிலையுடன் மாறுவது. ஈடுசெய்யும் தடையிகளைச் சேர்த்தாலும், மேடை விளக்குகளின் சூட்டில் சுருதி விலகத்தான் செய்யும். தம்புராவைக் கச்சேரியின் நடுவே திருத்துவது நமக்குப் பழக்கமானதே. எனினும் மூன்று அலையியற்றிகளை ஒருங்கே திருத்துவது வாசிப்பவரின் பொறுமையைச் சோதிப்பதாகும்.

இலக்கமுறை அலையியற்றிக்குப் பளிங்கின் அதிர்வே கடிகாரம். அதன் விலகல் செவிக்கு எட்டாது. ஹம்பேர்க்கைச் சேர்ந்த வூல்ஃப்காங் பாம் 1980 களின் ஆரம்பத்திலேயே தமது பிபிஜி வேவ் கருவிகளில் இலக்கமுறை அலையியற்றிகளையும் ஒப்புமை வடிகட்டிகளையும் இணைத்திருந்தார். அன்று பெருஞ்செல்வர்க்கே எட்டிய அவ்வமைப்பு இன்று சாமானியர்க்கும் எட்டுகின்றது. 2021 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ பலகையின் அறிமுக விலை நான்கு டொலர் மாத்திரமே.

செயன்முறை எளிது. நினைவகத்தில் 32 பிற்று எண்ணி ஒன்று உண்டு. அதன் கொள்ளளவு 429 கோடிக்குச் சற்று மேல். செக்கனுக்கு 48,000 தடவை அதனுடன் ஒரு குறித்த எண்ணைக் கூட்டுகின்றோம். நிரம்பி வழிந்ததும் அது மீண்டும் அடியிலிருந்து தொடங்கும். 440 ஹேர்ட்ஸ் வேண்டுமாயின் கூட்டவேண்டியது ஏறத்தாழ 3 கோடியே 93 இலட்சத்து 70 ஆயிரம். எண்ணியின் பெறுமானத்தை அப்படியே வெளியிட்டால் வாட்பல் அலை கிடைக்கும்; வேறு வடிவங்களுக்கு அட்டவணையொன்றைப் பார்த்தால் போதும்.

சிக்கல் இனித்தான். பிக்கோவின் உள்ளீட்டு முனை 3.3 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. தொகுப்பியோ மறை வோல்ற்றையும் 10 வோல்ற்றையும் அனுப்பக்கூடியது. செயற்பாட்டுப் பெருக்கி ஒன்றினால் அதனைச் சுருக்கி நகர்த்தாமல் இணைப்போர் முதல் நாளிலேயே பலகையை இழப்பர். ஐந்து ஸ்தாயிகளை 4,096 படிகளாக வாசித்தால் ஓர் அரைச்சுரத்துக்கு 68 படிகள் கிடைக்கும். செவிக்கு இது போதுமானது. 1,024 படிகளெனில் 17 மட்டுமே. மெதுவாகச் சறுக்கும் சுருதியில் அப்படிகள் ஏணியேறுவது போற் கேட்கும்.

இதனினும் கொடியது போலிச் சுரம். 5,000 ஹேர்ட்ஸ் வாட்பல் அலையின் ஏழாம் மேற்றொனி 35,000 ஆக இருக்கவேண்டும். ஆனால் 48,000 இன் பாதிக்கு மேற்பட்டதெதுவும் மடிந்து திரும்பும் என்பதால், அது 13,000 ஆக வந்து இசைக்குப் பொருந்தாமல் கீச்சிடும். இதனை எந்த வடிகட்டியாலும் பின்னர் அகற்ற இயலாது. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் மேற்றொனிகளைக் குறைத்த தனித்தனி அட்டவணைகளை முன்கூட்டியே ஆக்கி வைப்பதே நாம் விதந்துரைக்கும் வழி. நினைவகம் கூடுதலாகச் செலவாகும். அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தொடங்குவோர் பாரிஸைச் சேர்ந்த எமிலி ஜில்லேயின் ஆக்கங்களைப் படிப்பது நன்று. அவரது மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2022 இல் மூடப்பட்டது. ஆயினும் 'பிரெயிட்ஸ்' என்னும் இலக்கமுறை அலையியற்றியின் சுற்று வரைபடத்தையும் நிரலையும் அவர் முன்னரே எவரும் பயன்படுத்தும் வகையில் வெளியிட்டிருந்தார். உற்பத்தி நின்ற பின்னரும் அக்கருவியைப் பலர் தம் கையாலேயே ஈயம் பற்றவைத்து அமைத்து வருகின்றனர்.