பஞ்சத்தில் மிஞ்சும் பருப்பு

பருப்பில்லாமல் கலியாணமா என்று கேட்பார்கள் நம் பெரியோர். அன்னதானத்திற்குப் பொருள் வழங்கும் அன்பர்களும் அரிசிக்கு அடுத்தபடியாகப் பருப்பைத்தான் வழங்குகின்றனர். பருப்பு என்றாலே உடலுக்கு வலு என்று எண்ணிப் பழகிய நமக்கு, மனிதரை முடமாக்கும் பருப்பும் ஒன்று உண்டு என்றால் நம்பக் கடினமாக இருக்கும்.

அதன் பெயர் கேசரிப் பருப்பு. (நாம் விரும்பி உண்ணும் ரவா கேசரிக்கும் இதற்கும் எவ்வித உறவும் கிடையாது!) மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், பீகார், வங்காளதேசம், எத்தியோப்பியா ஆகிய இடங்களில் இது விளைகிறது. நெல் அறுவடைக்கு முன்பே ஈர வயலில் விதையைத் தூவிவிட்டால் போதும்; உழவும் வேண்டாம், உரமும் வேண்டாம். மழை பொய்த்தாலும் காய்க்கும், நீர் தேங்கினாலும் பிழைக்கும். நூற்றுக்கு 25 பங்குக்கு மேல் புரதமும் உண்டு. ஏழை உழவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. மற்றப் பயிர்கள் யாவும் கருகிய ஆண்டிலும் இது ஒன்று நிற்பதால், மக்கள் இதையே மூன்று வேளையும் உண்ண நேர்கிறது. ஸ்லீமன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, மத்திய இந்தியாவின் சாகர் பகுதியில் நடந்ததை 1844இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். 1829இல் ஆலங்கட்டி மழையாலும், அடுத்த ஆண்டு மழைக் குறைவாலும், 1831இல் பயிர் நோயாலும் கோதுமை அழிந்தது. கேசரி மட்டும் செழித்தது. அதை உண்டு உயிர் பிழைத்தவர்களில் முப்பது வயதுக்குட்பட்டோர் பலர், 1833 முதல் இடுப்புக்குக் கீழே செயலிழந்தனர்.

இந்நோயின் போக்கு கொடுமையானது. முதலில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், முழங்கால் விறைக்கும். பிறகு நுனிக்காலில், கத்தரிக்கோல்போல் கால்களைப் பின்னி நடப்பர். ஒரு கோல், இரண்டு கோல், முடிவில் தவழ்தல். அறிவு மங்குவதில்லை, உயிரும் போவதில்லை. உழைத்து உண்ணும் இளைஞர்களையே இது மிகுதியாகத் தாக்குகிறது. வந்த முடம் திரும்புவதும் இல்லை.

1964இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோர் இதிலுள்ள நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட் போன்ற உருவம் கொண்டது அது. அதனால் நரம்பணுக்களை ஓயாமல் தூண்டித் தூண்டியே அழித்துவிடுகிறது. எப்போதாவது சிறிதளவு உண்டால் தீங்கில்லை. இரண்டு மூன்று மாதங்கள் அதுவே முக்கிய உணவானால்தான் ஆபத்து. கூடவே அரிசி, கோதுமை போன்ற தானியங்களும் இருந்தால், அவற்றிலுள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் ஓரளவு காப்பளிக்கின்றன.

ஆகவே இந்நோய் பருப்பால் வருவது என்பதைவிட, வேறு உணவு இல்லாமையால் வருவது என்பதே பொருந்தும் என்று நான் கருதுகிறேன். ரேவா மாவட்டத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே இதை அளந்தார்கள். 1942இல் வாப்னியார்க்கா வதைமுகாமில் யூதக் கைதிகளுக்கு இதை உணவாக்கினார்கள், நூற்றுக்கணக்கானோர் முடமாயினர். கைதியாக இருந்த மருத்துவர் ஆர்தர் கெஸ்லர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். இந்த இரண்டு இடங்களிலும் உண்டவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்தியா 1961இல் இதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. விலை மலிவானதால் துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கலப்படம் செய்வோரும் உண்டு. (ஆப்பு வடிவில், ஒரு பக்கம் சரிந்தாற்போல் இருக்கும் விதை இது. மொத்தமாகப் பருப்பு வாங்குவோர் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்ப்பது நல்லது.) நச்சுக் குறைந்த புதிய இரகங்களை அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர். ஆயினும் தேனீக்கள் பக்கத்து வயலின் மகரந்தத்தைக் கொண்டுவருவதால், நாளடைவில் அந்த இரகங்களிலும் நச்சு ஏறிவிடலாம். வறட்சியிலும் நச்சு கூடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய வழியும் உண்டு. நிறைய நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் நச்சின் பெரும்பகுதி நீங்கிவிடும். எளிய வழிதான். ஆனால் இந்தப் பருப்பை மட்டுமே உண்ணும் நிலை வருவது மழையற்ற ஆண்டில். அந்த ஆண்டில் குடிநீருக்கே பெண்கள் காத தூரம் நடக்கிறார்கள். இருமுறை கொட்ட நீருக்கு எங்கே போவார்கள்?