பேய் அமுக்குமா?



இந்தத் தடவை என் கட்டுரை பேயைப் பற்றியது. சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. உங்களில் சிலருக்கு நிச்சயம் உதவும்.

அக்டோபர் 31 ஹாலோவீன். எங்கள் தெருவுக்குப் பின்னாடி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் எலும்புக்கூடு சட்டையும் சூனியக்காரித் தொப்பியும் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கினார்கள். என் தோழி என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. ஆடி மாதம் எங்க ஆயா இறந்துட்டாங்க. அதனால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகையும் கிடையாது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டும் போச்சு. முடிச்சூர்ப் பக்கம் மழை என்றாலே 2015 வெள்ளம் ஞாபகம் வந்து பெரியவங்க வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் எமர்ஜென்சி லைட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் படித்தேன். எல்லாமே பேய் வரும் புத்தகங்கள். அதற்குக் காரணம் இருக்கு, பிறகு சொல்கிறேன்.

ஹாலோவீன் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்து பக்கம் வாழ்ந்த கெல்ட் மக்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளை 'சவின்' என்று கொண்டாடினார்கள். அன்று இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவத்தில் நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் நாள் ஆனது. அதற்கு முந்தின இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தால் அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அங்கே பெரிய பெரிய பூசணி கிடைத்தது. குடைவதும் சுலபம். கிழங்கு போய் பூசணி வந்தது.

நம்ம ஊரில் இல்லையா? தாம்பரத்தில் புதுசாகக் கட்டும் வீடுகளைப் பாருங்கள். பூசணிக்காயில் முட்டைக்கண்ணும் மீசையும் பல்லும் வரைந்து தொங்கவிட்டிருப்பாங்க! புரட்டாசி மகாளய அமாவாசைக்கு முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறோம், காக்காவுக்குச் சோறு வைக்கிறோம். நம் கிறிஸ்தவ நண்பர்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். போனவங்களை மறக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் இருக்கிறது.

நான் படித்த பேய்கள்

கலிங்கத்துப்பரணி: முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தில் செயங்கொண்டார் பாடியது. இதில் வரும் பேய்களுக்கு ஒரே கவலை பசிதான். காளியிடம் போய்ப் பசி என்று முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைத்துக் குடிக்கின்றன. பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

காரைக்கால் அம்மையார்: 63 நாயன்மார்களில் ஒருவர். அவரே தம்மைப் பேய் என்று பாடல்களில் சொல்லிக்கொள்கிறார். அப்படியென்றால் பேய் என்பது எப்போதும் கெட்ட வார்த்தை இல்லை!

காஞ்சனை: புதுமைப்பித்தன் எழுதிய சிறுகதை. ஒரு எழுத்தாளர் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் மனுஷியா, பேயா என்று கடைசி வரை தெரியாது. இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குத் தனியாகப் போக முடியவில்லை.

மணிமேகலை: சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய், பேயைப் பார்த்துப் பயந்து செத்துவிடுகிறான். அவன் அம்மா கோதமை, மகனைத் திருப்பிக் கொடு என்று சம்பாபதி தெய்வத்திடம் அழுகிறாள். பேய் அவன் உயிரை எடுக்கவில்லை, அவனுடைய அறியாமையும் ஊழ்வினையும்தான் காரணம், போன உயிர் திரும்பி வராது என்கிறது தெய்வம். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என் காரணம்

ஆயா இறந்த பத்தாவது நாளோ என்னவோ, விடியற்காலையில் முழிப்பு வந்தது. கையைக் காலை அசைக்க முடியவில்லை. கத்தினாலும் குரல் வரவில்லை. நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி. "பேய் அமுக்கிருக்கும்" என்றான் சித்தப்பா பையன். எனக்கு ஆயாதான் என்று தோன்றியது. ஏன்னா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஆயா தண்ணி கேட்டாங்க. நான் டிவி பார்த்துக்கிட்டே "இரு ஆயா" என்று ரொம்ப நேரம் போகவில்லை. அந்தக் கோபத்தில் வந்துட்டாங்க என்று நினைத்து, பல நாள் தூங்கப் பயந்தேன். தூங்காததால் மறுபடியும் அதே மாதிரி ஆனது.

அறிவியல் ஆசிரியையிடம் சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. இதற்குத் தூக்க முடக்கம் என்று பெயர். நாம் கனவு காணும்போது கை கால் ஆடி அடிபடாமல் இருக்க, மூளை தசைகளை அசையாமல் நிறுத்தி வைக்கிறது. சில சமயம் முழிப்பு முதலில் வந்துவிடும், தசைகள் விடுபடக் கொஞ்சம் தாமதமாகும். கனவும் பாதி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆள் இருப்பது போலத் தெரிகிறது. சில விநாடியிலோ ஓரிரு நிமிஷத்திலோ தானாகச் சரியாகிவிடும். தூக்கம் குறைந்தாலும், மனசில் கவலை இருந்தாலும், மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரலாம். உலகம் முழுக்க இது வருகிறது.

உங்களுக்கு வந்தால் பயப்படாதீங்க. மெதுவாக மூச்சு விடுங்கள், ஒரு விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். நேரத்துக்குத் தூங்குங்கள். அடிக்கடி வந்தால் வீட்டில் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

அன்று ராத்திரி கரண்ட் வந்ததும் அம்மாவிடம் தண்ணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆயா உன்னை ஒரு நாளாவது அமுக்கியிருக்காங்களா? கால்தான் அமுக்கி விட்டிருக்காங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நல்லாத் தூங்கினேன்.



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி