இழுப்பு நின்றால் மருந்தையும் நிறுத்தலாமா?



"பிள்ளைக்கு ஒரு மாசமா இழுப்பே இல்ல. இனிமே எதுக்கு மருந்து?" என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே அநேகம். அவசரத்துக்கு அடிக்கும் நீலப் பம்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தினமும் அடிக்கவேண்டிய பழுப்புப் பம்பை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். இது ஏன் ஆபத்து என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

ஆஸ்துமா ஒட்டுவாரொட்டி நோயல்ல; செய்வினையும் அல்ல. நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் உள்ளுக்குள் வீங்கியிருப்பதே ஆஸ்துமா. வீங்கிய குழாயில் தூசியோ புகையோ பட்டால் சுற்றியுள்ள தசை இறுகும், சளி கட்டும், மூச்சு விசிலடிக்கும். நீலப் பம்பு இறுகிய தசையைத் தளர்த்தும். ஆனால் வீக்கத்தை அது குறைக்காது. இழுப்பு இல்லாத நாளிலும் வீக்கம் உள்ளே இருக்கும்.

இந்த வீக்கத்துக்கு உத்தரவு போடுவது யார்? நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணுவை ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆபீஸ். அங்கே பூட்டி வைத்திருக்கும் பெரிய பதிவேடுதான் டி.என்.ஏ. தாய் தகப்பனிடமிருந்து வந்தது. பதிவேடு ஆபீசை விட்டு வெளியே போகாது. வேண்டிய பக்கத்தை மட்டும் கிராணி துண்டுச் சீட்டில் எழுதி வேலைக்காட்டுக்கு அனுப்புவார். அந்தச் சீட்டுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. சீட்டில் உள்ளபடிதான் வேலை நடக்கும். "வீங்கு", "சளியைச் சுர" என்ற உத்தரவுகளும் இப்படித்தான் போகின்றன.

ஆனால் எல்லாச் சீட்டும் வேலைக்காடு போய்ச் சேர்வதில்லை. வழியில் ஒரு மண்டோர் நிற்கிறார். அவர்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் குட்டி ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்து நீளம்தான். தன் எழுத்தோடு பொருந்தும் சீட்டைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். சீட்டு கிழிந்துபோகும், அல்லது வேலை நின்றுபோகும்.

இதை முதலில் கண்டது 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழுவிடம். அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் அம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவரும் 1993இல் இதை வெளியிட்டார்கள். "புழு சமாச்சாரம்தானே" என்று பலர் பொருட்படுத்தவில்லை. 2000இல்தான் மனித உடம்பிலும் இவை உண்டு என்று தெரிந்தது. இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டவை நம்மிடம் இருப்பதாக அறிந்திருக்கிறார்கள். 2024இல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆஸ்துமாவில் இந்த மண்டோர்களின் கணக்கு மாறிப்போகிறது. சிலர் கூடுகிறார்கள், சிலர் குறைகிறார்கள். வீக்கத்தை அடக்கும் உத்தரவு நிறுத்தப்பட்டால் வீக்கத்துக்குக் கட்டுப்பாடு ஏது? ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2009இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வீட்டுத் தூசி உண்ணியால் ஒவ்வாமை உண்டாக்கப்பட்ட எலிகளில் 126 என்ற எண்ணுள்ள குட்டி ஆர்.என்.ஏ. கூடியிருந்தது. அதைத் தடுத்ததும் மூச்சுக்குழாய் வீக்கமும் சளியும் குறைந்தன.

அந்த உண்ணி நமக்கு அந்நியமல்ல. கண்ணுக்குத் தெரியாது, ஈரப்பதமுள்ள நம் நாட்டுச் சூழல் அதற்கு மிகவும் பிடிக்கும். கேரித் தீவு லயமானாலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் மெத்தையிலும் தலையணையிலும் அது குடியிருக்கும்.

எலியிடம் பலித்தது மனிதனுக்கு மருந்தாகிக் கைக்கு வர நாளாகும். அதுவரை சும்மா இருக்கவேண்டியதில்லை. பழுப்புப் பம்பில் உள்ள ஸ்டெராய்டு நேரே ஆபீசுக்குள் போய், வீக்கத்துக்கான சீட்டு எழுதுவதையே குறைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் கிராணி மறுபடி எழுத ஆரம்பித்துவிடுவார். இழுப்பு வெளியே தெரிவதற்கு முன்பே உள்ளே வீக்கம் ஏறிவிடும். "பம்பு அடிச்சா பழக்கமாயிடும்" என்பது வீண் பயம். பம்பில் போவது சிறிய அளவு. போகவேண்டிய இடத்துக்கே போகிறது. 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் நீலப் பம்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா நிபுணர் அமைப்பும் 2019இல் அறிவித்தது.

கவனிக்க வேண்டியவை:

1. தினசரிப் பம்பை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சிலருக்கு இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே பம்பு கொடுப்பார்கள், நிறமும் மாறலாம். எது எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2. பழுப்புப் பம்பு அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஸ்பேசர் குழாய் வைத்து அடியுங்கள்.

3. வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நீலப் பம்பு தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

4. தலையணை உறை, போர்வைகளை வாரந்தோறும் சுடுநீரில் துவையுங்கள். வீட்டுக்குள் சிகரெட்டும் கொசுவர்த்திப் புகையும் வேண்டாம்.

5. புகைமூட்டக் காலத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள். 2005 ஆகஸ்டு 11இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரகாலமே பிரகடனமானது. அப்படிப்பட்ட காற்று நல்ல நுரையீரலையே வாட்டும். வீங்கிய குழாய் எப்படித் தாங்கும்?

பேச்சு ஒரு வாக்கியம்கூட முழுதாக வரவில்லை, விலா உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தாமதிக்காதீர்கள். நீலப் பம்பை அடித்துக்கொண்டே 999க்குப் போன் செய்யுங்கள். விபூதி போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள். அந்தப் பம்பில் மருந்து இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பார்த்து, பிள்ளை பல் துலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். காலை மாலை மறக்காது.