புளித்த பீரும் சிலந்தி வலையும்

'பீர்னா பீர்தானே, அதுல என்ன ரகம்?' என்று கேட்டதுதான் நான் செய்த தப்பு! பிரஸ்ஸல்ஸில் இருக்கும் மச்சினன் மறுநாளே இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

முதலில் வெஸ்ட்மால் மடத்துத் துறவிகளின் 'ட்ரிப்பெல்'. தங்க நிறம், பழ வாசனை, சமர்த்தாக உள்ளே இறங்கியது. ஆல்கஹால் 9.5 சதவீதம் என்பது எழுந்து நின்றபோதுதான் தெரிந்தது! அடுத்து, இன்னொரு மடத்தின் ஓர்வால். வேப்பம்பூ ரசம் மாதிரி கசப்பு.

மூன்றாவது, 1900-ல் தொடங்கிய கான்டியோன் ஆலையின் 'கூஸ்'. ஒரே வாய்தான்... கண் தானாக மூடிக்கொண்டது. அப்படியொரு புளிப்பு!

"ஏண்டா, கெட்டுப்போச்சா?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம் பீப்பாய்ல ஊறினதை எல்லாம் கலந்தது அத்தான்!"

மற்ற ஆலைகளில் ஈஸ்ட்டை அளந்து சேர்ப்பார்கள். இங்கே சேர்ப்பதே இல்லை. பார்லியும் கோதுமையும் காய்ச்சிய சாற்றை, கூரைக்கடியில் அகலமான செப்புத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தே ஆறவிடுகிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்களே புளிக்கவைத்துவிடும். நம் இட்லி மாவு சங்கதிதான்! சிலந்தி வலையைக்கூடக் கலைப்பதில்லை. பூச்சி பிடிக்கும் சம்பளமில்லாத வாட்ச்மேன் ஆயிற்றே!

ஆனால், இரவு குளிர்ந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். அதனால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுவார்கள். 2015 நவம்பரில் இரவுகள் வெதுவெதுப்பாகவே இருந்ததால், காய்ச்சுவதையே நிறுத்த வேண்டியதாயிற்று. பூமி இன்னும் சூடானால்?

இரண்டாவது வாய் குடித்தேன். புளிப்புக்குப் பின்னால் எலுமிச்சையும் பழைய மர வாசனையும் மெள்ள எட்டிப் பார்த்தன.

"இன்னொரு கிளாஸ் சொல்லட்டுமா அத்தான்?"

"சொல்லுடா... குளிர் இருக்கும்போதே குடிச்சுக்குவோம்!"