மடித்த இலையும் மடியும் செல்லும்

நினைவாற்றலுக்கு என்று விற்கும் பாஸ்பாடிடைல்செரின் மாத்திரையை அம்மாவுக்கு வாங்கித் தரலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மறதிநோய் அபாயம் குறையலாம் என்று டப்பாவில் போடுவதானால், ஆதாரம் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்று 2003இலேயே சொல்லிவிட்டது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். நான் வாங்கச் சொல்ல மாட்டேன். மறதி கவலை தந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆனால் அந்தக் கொழுப்புக்கு, டப்பாவில் எழுதாத அருமையான வேலை ஒன்று இருக்கிறது.

செல்சவ்வின் இரண்டு அடுக்குகளில் இது பெரும்பாலும் உள்ளடுக்கில்தான் இருக்கும். வெளியே வந்தால் ஃபிளிப்பேஸ் என்ற புரதம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து உள்ளே திருப்பிவிடும்.

பந்தியில் விரித்த வாழையிலையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாது. காற்றில் ஓரம் மடங்கினால் பக்கத்தில் இருப்பவர் நீவிவிடுவார்; ஃபிளிப்பேஸ் அவர்தான். சாப்பிட்டு மடித்ததும் வெளுத்த அடிப்பக்கம் மேலே தெரிகிறது. இனி யாரும் சாம்பார் வாளியோடு வரமாட்டார்கள், இலையெடுப்பவர் வருவார். சாகப்போகும் செல்லும் இப்படித்தான் உள்பக்கத்து பாஸ்பாடிடைல்செரினை வெளியே காட்டுகிறது. இலையெடுப்பவராக மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் வந்து அதை விழுங்குகிறது. எடுக்காத இலை ஊசிப்போய் ஈ மொய்க்கும். விழுங்காமல் விட்ட செல் உடைந்து கசிந்து அழற்சியைக் கிளப்பும்.

மடிப்பது யார் என்பதில்தான் எனக்கு மனம் லயிக்கிறது. நீவிவிடுபவரை நிறுத்தினால் மட்டும் போதாது. கொழுப்பு தானாகப் புரள மிக நேரமாகும். அதைப் புரட்ட எக்ஸ்கேஆர்8 என்ற புரதம் சவ்வில் தூங்கிக்கொண்டிருக்கிறது. சாவு நெருங்கியதும் காஸ்பேஸ் என்னும் நொதி ஃபிளிப்பேஸை வெட்டி முடக்குகிறது. அதே நொதி எக்ஸ்கேஆர்8இன் வாலையும் வெட்டுகிறது, இது விழித்துக்கொள்கிறது. ஒரே கத்தரிக்கோல், ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடங்கிவைக்கிறது. வெட்டியதை ஒட்ட முடியாது. மடித்த இலையை மறுபடி விரிப்பதில்லை.

வெளியே வந்த கொழுப்பை மேக்ரோஃபேஜ் அடையாளம் காண்பது 1992இல் தெரிந்தது. கத்தரிக்கோல் புதிரை ஜப்பானில் ஷிகேகாசு நகாட்டாவின் குழு 2013, 2014ஆம் ஆண்டுகளில் விடுவித்தது.

ரத்தத் தட்டணுக்களிடம் இலை உவமை செல்லாது. காயம்பட்ட இடத்தில் தட்டணுவுக்குள் கால்சியம் பெருகியதும் டிமெம்16எஃப் என்ற வேறொரு புரதம் அதே கொழுப்பை வெளியே புரட்டுகிறது. அதன் எதிர்மின்சுமையில் உறைவுக் காரணிகள் வந்து அமர்கின்றன. அங்கே அது ‘என்னை எடுத்துப் போ’ என்று சொல்லவில்லை. ‘இங்கே உறை’ என்கிறது. அரிதான ஸ்காட் நோய்க்குறி உள்ளவர்களுக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். கொழுப்புதான் புரளாது, ரத்தம் எளிதில் நிற்காது.